ஓர் ஊரின் இனக்கணக்கைப் படிப்பது எப்படி? எடிசன் டவுன்ஷிப்பை வைத்து ஒரு பாடம்

"எடிசன்ல பாதிப் பேர் இந்தியர்களாமே?" நியூஜெர்சிக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள் வீடு தேடும் முன்பே கேட்கும் கேள்வி இது. பதிலாக ஒருவர் 28 சதவீதம் என்பார், இன்னொருவர் 43 சதவீதம் என்பார். இரண்டு எண்களும் ஒரே கணக்கெடுப்பில் இருப்பவைதான். 2010-இல் எடிசனில் ஆசியர் 43.19 சதவீதம், அவர்களுள் இந்திய வம்சாவளியினர் மட்டும் ஊர் மக்கள்தொகையில் 28.3 சதவீதம். எந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாமல் எடுத்தால், சரியான எண்ணும் தவறான செய்தியாகிவிடும்.

தமிழ்ப் பள்ளி தொடங்க நினைப்பவர்கள், கடை போட இடம் பார்ப்பவர்கள், நகராட்சியிடம் மொழிபெயர்ப்பு வசதி கேட்டு மனு எழுதுபவர்கள், கட்டுரை எழுதும் மாணவர்கள் என்று எல்லாருக்கும் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. அமெரிக்காவின் எந்தப் புறநகருக்கும் வழிமுறை ஒன்றுதான். இங்கே எடிசனை எடுத்துக்கொள்வோம்.

எல்லையில் தொடங்குங்கள்

பெரும்பாலான பிழைகள் அட்டவணையைத் திறப்பதற்கு முன்பே, ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகின்றன. எடிசன் என்பது மிடில்செக்ஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) உள்ள ஒரு டவுன்ஷிப், அதாவது தனக்கென நகராட்சி உள்ள ஊர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் அரசுத் துறையான சென்சஸ் பீரோவின் தரவுத் தளத்தில் புவியியல் பகுதிக்குப் போனதும் கை தானாக 'பிளேஸ்' என்ற வகையை நோக்கிப் போகும். நியூஜெர்சியில் டவுன்ஷிப்கள் அந்த வகையில் வராது. 'கவுண்டி சப்டிவிஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நியூஜெர்சி, மிடில்செக்ஸ், எடிசன் டவுன்ஷிப் என்று இறங்க வேண்டும். 'பிளேஸ்' பட்டியலில் எடிசனைத் தேடிக் கிடைக்காமல், பெயர் ஒத்திருக்கும் வேறு மாநில ஊரை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்த சிக்கல் ஓக் ட்ரீ ரோடு. நகைக்கடையும் புடவைக்கடையும் நெருக்கியடிக்கும் அந்தச் சாலையைப் பார்த்துவிட்டு 'இதுதான் எடிசன்' என்று முடிவுகட்டிவிடுவோம். ஆனால் அந்தக் கடைத்தெரு எடிசனிலும் ஐஸ்லினிலுமாகப் பரந்து கிடக்கிறது. ஐஸ்லின், வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்புக்குள் இருக்கும் பகுதி. எடிசன் அட்டவணையில் ஐஸ்லின்வாசி ஒருவர்கூட வரமாட்டார். மெட்டச்சன் இதற்கு நேர்மாறு. நாலாபக்கமும் எடிசன் சூழ, நடுவில் தனி பரோவாக (இன்னொரு வகைத் தனி நகராட்சி) உட்கார்ந்திருக்கிறது. வரைபடத்தில் எடிசனின் வயிற்றுக்குள் இருந்தாலும் கணக்கில் சேராது. 'எடிசன் வட்டாரம்' என்று எழுத விரும்பினால் எடிசன், மெட்டச்சன், வுட்பிரிட்ஜ் மூன்றையும் தனித்தனியே எடுத்துக் கூட்டி, கூட்டியிருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

ஜிப்கோடை நம்பி ஊர்க்கணக்கு எடுக்காதீர்கள். அஞ்சல் எல்லை தபால் பட்டுவாடாவுக்காகப் போடப்பட்டது, ஊர் எல்லையை அது மதிப்பதில்லை. கணக்கெடுப்பில் ஜிப் என்று வருவதும் அஞ்சல் ஜிப்பின் தோராய வடிவம்தான்.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவதாக இருந்தால் இடையில் எல்லை மாறியதா என்று பாருங்கள். பிரின்ஸ்டன் பரோவும் பிரின்ஸ்டன் டவுன்ஷிப்பும் 2013 ஜனவரி 1 முதல் ஒரே ஊராகிவிட்டன. அதன் 2010 கணக்கையும் 2020 கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், மக்கள் வெள்ளமாக வந்து குடியேறியதுபோலத் தெரியும். 2010-க்கு இரண்டு பிரின்ஸ்டனையும் கூட்டிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

இனம் வேறு, ஹிஸ்பானிக் வேறு

2020 வரையிலான கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கும். முதலில் ஹிஸ்பானிக் அல்லது லத்தீன் (பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின்) பூர்வீகமா என்று கேட்கும். பிறகு இனம் கேட்கும். இனத்தில் வெள்ளையர், கறுப்பர், அமெரிக்கன் இந்தியன் அல்லது அலாஸ்கா பூர்வகுடி, ஆசியர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவினர், வேறு இனம் என்று பிரிவுகள். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும் குறிக்கலாம். எல்லாம் அவரவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான், யாரும் சரிபார்ப்பதில்லை.

2010 எடிசன் கணக்கைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 99,967. வெள்ளையர் 44,084. கறுப்பர் 7,046. அமெரிக்கன் இந்தியன் 229. ஆசியர் 43,177. பசிபிக் தீவினர் 36. வேறு இனம் 2,718. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம் 2,677. கூட்டிப் பாருங்கள், மொத்தம் கச்சிதமாக வரும். எந்த ஊரை எடுத்தாலும் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுவிடுங்கள். வராவிட்டால் ஏதோ ஒரு வரியை விட்டிருக்கிறீர்கள், அல்லது 'தனியாகவோ கலந்தோ' என்ற வேறு வகை எண்ணைக் கலந்திருக்கிறீர்கள்.

இதோடு 'ஹிஸ்பானிக் 8,112' என்று இன்னொரு வரி வரும். அதையும் சேர்த்தால் 108 சதவீதம் ஆகிவிடும், ஏனென்றால் அந்த 8,112 பேரும் ஏற்கெனவே மேலே உள்ள இனங்களுக்குள் எண்ணப்பட்டவர்கள். வட்ட வரைபடத்தில் இவர்களைத் தனித் துண்டாகக் காட்ட வேண்டுமென்றால் மேலே உள்ளதுபோல இனத்தை மட்டும் காட்டும் பி1 (P1) அட்டவணையை விட்டு பி2-க்குப் (P2) போக வேண்டும். அதில் ஹிஸ்பானிக் அனைவரும் முதலில் தனியாகப் பிரிந்துவிடுவார்கள், மிச்சமிருப்போர் 'ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர்', 'ஹிஸ்பானிக் அல்லாத ஆசியர்' என்று இன வாரியாக வருவார்கள். கூட்டினால் சரியாக நூறு. ஆண்டுதோறும் நடக்கும் மாதிரி ஆய்வான அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் (சுருக்கமாக ஏசிஎஸ்) இதே வேலையைச் செய்வது பி03002 (B03002; ஏசிஎஸ் அட்டவணைகளில் 'பி' என்பது ஆங்கில B).

தமிழ் வாசகர் கட்டாயம் சறுக்கும் வரி ஒன்று உண்டு. 'அமெரிக்கன் இந்தியன்' என்பதை இந்திய அமெரிக்கர் என்று நினைத்துவிடுவது. அது அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கான வரி. நம்மவர்கள் 'ஏஷியன் இந்தியன்' என்ற பெயரில் ஆசியர் பிரிவுக்குள் இருக்கிறார்கள். படிவத்தை நிரப்பும்போதே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தெற்காசியர் நிறைந்த ஊரில் அந்தச் சின்ன எண்ணை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள்.

ஆசியர் என்ற பெட்டியைத் திறப்பது

சென்னையிலிருந்து வந்தவரும் சூரத்திலிருந்து வந்தவரும் ஷாங்காயிலிருந்து வந்தவரும் 'ஆசியர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். உள்ளே பார்க்க ஏசிஎஸ்ஸில் இரண்டு அட்டவணைகள். பி02015 ஆசியர் என்று மட்டும் குறித்தவர்களைப் பிரித்துக் காட்டும். பி02018 வேறு இனத்தோடு கலந்து குறித்தவர்களையும் சேர்க்கும். தாய் வெள்ளையர், தந்தை தமிழர் என்றால் அந்தக் குழந்தை இரண்டாவதில் வரும், முதலாவதில் வராது. 2020 கணக்கெடுப்பின் விரிவான இனக்கணக்கு 2023 செப்டம்பரில் வெளியானது. அதிலும் இந்த இருவகை உண்டு. 'ஏஷியன் இந்தியன்' என்று மட்டும் குறித்தவர்கள் நாடு முழுவதும் 43,97,737 பேர். ஒற்றைப் பிரிவாக எண்ணினால் ஆசியக் குழுக்களில் அதுதான் பெரியது. கலந்து குறித்தவர்களையும் சேர்த்தால் சீனர்கள் முந்துகிறார்கள். யார் பெரிய குழு என்ற விடைகூட எந்த வகையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறுகிறது.

'ஏஷியன் இந்தியன்' எண்ணைத் தமிழர் எண்ணாகவோ தெற்காசியர் எண்ணாகவோ வைத்துக்கொள்ள முடியாது. பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், நேபாளியர், இலங்கையர் எல்லாரும் தனி வரிகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் 'இலங்கையர்' வரியில் இருப்பார். கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் 'ஏஷியன் இந்தியன்' என்றும் குறிக்கலாம், 'வேறு இனம்' என்று எழுதியும் கொடுக்கலாம்.

அப்படியானால் தமிழரை எண்ண வழி? இனக் கேள்வியில் வழியில்லை, வீட்டில் பேசும் மொழியைப் பார்க்க வேண்டும். பி16001 அட்டவணையில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு போலவே தமிழுக்கும் தனி வரி இருக்கிறது. மலையாளமும் கன்னடமும் ஒரே வரியில் சேர்ந்திருக்கின்றன. சிறிய பகுதிகளுக்கு இந்த அட்டவணை கிடைக்காது. அப்போது அது கிடைக்கும் பெரிய பகுதியின் அளவுக்கு ஏறிக்கொள்ளுங்கள், சுருக்கப்பட்ட சி16001-ஐ எடுத்துவிடாதீர்கள். அதில் பன்னிரண்டே பிரிவுகள். இந்தியும் குஜராத்தியும் 'பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்' பக்கம் போய்விடும், தமிழும் தெலுங்கும் 'பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்' என்ற பெட்டிக்குள் விழுந்துவிடும். ஒரே தெருவில், ஒரே கோயிலுக்குப் போகும் இரண்டு வீடுகள் அட்டவணையின் இரண்டு மூலைகளில் இருக்கும்.

மொழிக் கணக்கு ஐந்து வயது நிரம்பியோருக்கு மட்டும் என்பதையும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுவதாகச் சொன்ன தமிழ்க் குடும்பம் அதில் வராது என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்கு இதுதான் வலிக்கும் இடம். யாருக்குப் பள்ளி மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைகள்தான் கணக்கில் காணாமல் போகிறார்கள். பிறந்த நாட்டைக் காட்டும் பி05006-ஐ உடன் வைத்துப் படித்தால் நிலைமை ஓரளவு தெளியும். ஆனால் நியூஜெர்சியில் பிறந்த பிள்ளைகள் அந்த அட்டவணையிலும் வரமாட்டார்கள், பெற்றோர் மட்டுமே வருவார்கள். இனம், பிறந்த நாடு, மொழி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கூட்டத்தை எண்ணுகின்றன. ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

முழுக் கணக்கெடுப்பா, மாதிரி ஆய்வா?

பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது எல்லாரையும் எண்ணும் கணக்கெடுப்பு. 2020-இல் எடிசனுக்கு 1,07,588 என்ற எண்ணைத் தந்தது அதுதான். ஏசிஎஸ் மாதிரி வீடுகளை மட்டும் கேட்டுக் கணிப்பது. ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு அச்சாகியிருக்கும். அதைப் பதிவிறக்கும்போது நீக்கிவிடுபவர்கள் பலர். நீக்காதீர்கள்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை எண்: ஒரு குழு 1,200 பேர், பிழை வரம்பு ±450. 90 சதவீத நம்பிக்கையில் உண்மை 750-க்கும் 1,650-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று பொருள். 450-ஐ 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை சுமார் 274. அதை 1,200-ஆல் வகுத்தால் 23 சதவீதம். இந்த விகிதம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். 30-ஐத் தாண்டினால் அந்த எண்ணைத் தனியாக வெளியிடாமல் பக்கத்துக் குழுவோடு சேர்த்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

ஐந்தாண்டு கழித்து அதே குழு 1,700 ±500 என்று வருகிறது. 'ஐந்நூறு பேர் கூடிவிட்டார்கள்' என்று எழுதலாமா? 450-ஐயும் 500-ஐயும் தனித்தனியே இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 673 வரும். வித்தியாசமோ 500. 673-ஐ எட்டாததால், கூடியது என்று உறுதியாகச் சொல்ல இடமில்லை. இரண்டு குழுக்களைக் கூட்டும்போது கிடைக்கும் புதிய பிழை வரம்புக்கும் இதே இருமடிக் கணக்குதான்.

65,000-க்கு மேல் மக்கள் உள்ள ஊர்களுக்கு ஓராண்டு ஏசிஎஸ் கிடைக்கும். எடிசனுக்கு உண்டு, சிற்றூரான மெட்டச்சனுக்கு இல்லை. மெட்டச்சன் போன்றவற்றுக்கு ஐந்தாண்டுத் தொகுப்பு மட்டுமே. இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஐந்தாண்டுத் தொகுப்பையே எடுங்கள். காலத்தை ஒப்பிட்டால் தொகுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. 2014–2018-ஐ 2019–2023-உடன் வைக்கலாம். 2018–2022-ஐ 2019–2023-உடன் வைத்தால் நான்கு ஆண்டுத் தரவு இரண்டிலும் ஒன்றேதான். 2020-க்கான ஓராண்டு ஏசிஎஸ், பெருந்தொற்றில் பதில்கள் குறைந்ததால் சோதனை முயற்சியாக மட்டுமே வெளியிடப்பட்டது. வரிசையில் அந்த ஆண்டை விட்டுவிடுங்கள்.

முழுக் கணக்கெடுப்பும் பிழையற்றதில்லை. 2020-இல் நாட்டளவில் ஹிஸ்பானிக் மக்களில் 4.99 சதவீதமும், கறுப்பின மக்களில் 3.30 சதவீதமும் நிகரக் கணக்கில் விடுபட்டதாகவும், ஆசியர் 2.62 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டதாகவும் சென்சஸ் பீரோவே பிறகு ஆய்ந்து சொன்னது. இந்த விகிதத்தை ஒரு தனி ஊருக்குப் போட்டு எண்ணைத் திருத்தாதீர்கள். சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

2020-இல் இன்னொரு புது விஷயமும் சேர்ந்தது. தனிமனிதரை அடையாளம் காண முடியாதபடி எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் கலக்கப்பட்டன. மக்கள்தொகை எண்களில் மாநில மொத்தம் மட்டும் அப்படியே விடப்பட்டது. எடிசன் அளவிலான ஊரில் இது உறுத்தாது. தெருக்கள் சூழ்ந்த மிகச் சிறு பகுதியான பிளாக் அளவுக்கு இறங்கினால் பெரியவர்களே இல்லாமல் குழந்தைகள் மட்டும் வாழும் பிளாக்குகள்கூடத் தென்படும். பிளாக்குகளைத் தனியே வாசிக்காமல் பலவற்றைக் கூட்டியே வாசியுங்கள்.

மாற்றத்தை அளப்பது

2000-இல் எடிசனின் மக்கள்தொகை 97,687. வெள்ளையர் 59.49 சதவீதம், ஆசியர் 29.27 சதவீதம். 2010-இல் 44.10, 43.19. வெள்ளையர் '15 சதவீதம் குறைந்தனர்' என்று எழுதினால் தவறு. குறைந்தது 15.39 சதவீதப் புள்ளி. தலைக்கணக்கில் சுமார் 58,100-லிருந்து 44,084-க்கு வந்திருக்கிறார்கள். அது 24 சதவீதக் குறைவு. அதே காலத்தில் ஆசியர் சுமார் 28,600-லிருந்து 43,177 ஆனார்கள். பங்கு குறைவது வேறு, ஆட்கள் குறைவது வேறு. சில ஊர்களில் ஒரு குழுவின் தலைக்கணக்கு கூடிக்கொண்டே பங்கு மட்டும் குறையும். இரண்டையும் எழுதுங்கள்.

2010-ஐயும் 2020-ஐயும் ஒப்பிடும்போது 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்' என்ற வரியில் நிதானம் தேவை. நாட்டளவில் அது 90 லட்சத்திலிருந்து 3.38 கோடிக்குத் தாவியது. கலப்புக் குடும்பங்கள் கூடியது ஒரு பகுதி உண்மை. கேள்வியின் வடிவமும், எழுதிக் கொடுத்த பதில்களை வகைப்படுத்திய முறையும் மாறியது இன்னொரு பகுதி. 'வெள்ளையர் மட்டும்' என்ற வரி அவ்வளவு குறைந்ததற்கும் இதில் பங்குண்டு. இன்னும் பின்னே போனால் 1970-இல் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இந்தியச் சங்கங்கள் போராடிக் கேட்ட பிறகுதான் 1980 படிவத்தில் 'ஏஷியன் இந்தியன்' தனிப் பெட்டியானது. 1970–1980 ஒப்பீட்டில் திடீரென்று முளைத்த இந்தியர்கள் எல்லாரும் அந்தப் பத்தாண்டில் விமானம் ஏறி வந்தவர்கள் இல்லை. இனி வரும் கணக்குகளிலும் இந்த முறிவு வரும். 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய அரசுத் தரநிலை, இனத்தையும் ஹிஸ்பானிக் கேள்வியையும் ஒன்றாக்கி, மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கருக்குத் தனிப் பிரிவைச் சேர்த்திருக்கிறது.

ஊர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஒரே எண்ணில் சொல்ல, ஒவ்வொரு குழுவின் பங்கையும் பின்னமாக்கி, இருமடியாக்கி, கூட்டி, ஒன்றிலிருந்து கழியுங்கள். எடிசன் 2010: 0.441-இன் இருமடி 0.194, 0.432-இன் இருமடி 0.187, கறுப்பர் 0.005, மற்றவை எல்லாம் சேர்ந்து 0.0015. கூட்டினால் 0.387. ஒன்றிலிருந்து கழித்தால் 0.61. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைப் பொறுக்கினால் அவர்கள் வெவ்வேறு இனமாக இருக்க 61 சதவீத வாய்ப்பு. 2020-இல் நாட்டின் பன்மைக் குறியீடு 61.1 சதவீதம் என்று சென்சஸ் பீரோ வெளியிட்டது. ஆனால் அது ஹிஸ்பானிக் மக்களைத் தனிக் குழுவாக வைத்துப் போட்ட கணக்கு. எண்கள் ஒத்திருப்பதால் அதையும் இதையும் ஒப்பிட்டுவிடாதீர்கள். ஒப்பிட வேண்டுமென்றால் பி2-இன் பிரிவுகளை வைத்து மறுபடி போடுங்கள்.

இந்தக் குறியீடு, மக்கள் ஒருவரோடொருவர் கலந்து குடியிருக்கிறார்களா என்று சொல்லாது. அதற்கு டிராக்ட் (கணக்கெடுப்புக்காக ஊரைப் பிரித்த சிறு வட்டாரம்) வாரியாகப் போக வேண்டும். மூன்று டிராக்ட் உள்ள ஒரு கற்பனை ஊரில் ஆசியர் 3,000, 1,500, 500 என்றும் வெள்ளையர் 1,000, 1,500, 2,500 என்றும் இருக்கட்டும். ஒவ்வொரு குழுவும் தன் மொத்தத்தில் எத்தனை பங்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: ஆசியர் 0.6, 0.3, 0.1; வெள்ளையர் 0.2, 0.3, 0.5. டிராக்டுக்கு டிராக்ட் வித்தியாசம் 0.4, 0, 0.4. கூட்டிப் பாதியாக்கினால் 0.4. ஒரே சீராகப் பரவ வேண்டுமென்றால் ஒரு குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வீடு மாற வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு விரிதாளும் பத்து நிமிடமும் போதும்.

பள்ளிக் கணக்கைச் சேர்க்கும்போது

மாநிலக் கல்வித்துறை வெளியிடும் மாணவர் சேர்க்கை எண்கள் ஆண்டுதோறும் புதிதாக வருவதால் ஆசை காட்டும். அதில் ஹிஸ்பானிக் என்று குறித்த பிள்ளை எந்த இனமானாலும் ஹிஸ்பானிக் வரியில் மட்டுமே வரும். ஆகவே அதை பி2 அல்லது பி03002-உடன் மட்டுமே ஒப்பிடலாம், பி1-உடன் ஒப்பிடக் கூடாது. சிறுபிள்ளைகள் உள்ள இளம் குடும்பங்கள் எந்தக் குழுவில் அதிகமோ அந்தக் குழு பள்ளியில் ஊரைவிடப் பெரிதாகத் தெரியும். தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இதில் இருக்கமாட்டார்கள். வீட்டுத் தரகர்களின் இணையப் பக்கங்களில் 'ஊரின் இனக்கணக்கு' என்று வருவது சில நேரம் இந்தப் பள்ளி எண்தான். பெரிய கல்லூரி விடுதி, சிறை, முதியோர் இல்லம் உள்ள ஊர்களில் பி5 (P5) அட்டவணையைத் திறந்து, விடுதிவாசிகள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒரே ஒரு சிறைச்சாலை, சிற்றூரின் இனப்பங்கையே புரட்டிவிடும்.

எழுதும்போது ஆண்டு, எல்லை, வகை, மொத்தம் நான்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். இப்படி: '2010 ஏப்ரல் 1 கணக்கெடுப்பின்படி, மெட்டச்சன் நீங்கலாக, எடிசன் டவுன்ஷிப்பில் வசித்த 99,967 பேரில் 43,177 பேர், அதாவது 43.2 சதவீதம், ஆசியர் என்ற ஒரே இனத்தைக் குறித்தவர்கள்.' வாக்கியம் கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. அட்டவணையின் எண்ணையும் எடுத்த தேதியையும் விரிதாளின் முதல் வரியில் எழுதிச் சேமியுங்கள். பதிவிறக்கிய மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, கூட்டல் கழித்தலையெல்லாம் நகலில் செய்யுங்கள்.